பத்மஜா வீட்டு எச்சில் நெருப்பு

தீக்குச்சி அணைந்தது.

பத்மஜா இன்னொன்றைக் கிழித்து அடுப்பின் வாயருகே நீட்டினாள். குழாயிலிருந்து 'உஸ்' என்று வாயு வருவது காதில் கேட்டது, விரலிலும் பட்டது. ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. குச்சி நுனியில் இருந்த சின்னஞ்சிறு சுடரையும் யாரோ ஊதி அணைத்ததுபோல் அணைத்துவிட்டது.

"வாயு வரது, எரிய மாட்டேங்கறதே! இது என்ன கூத்து?" என்றார் அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன்.

கொல்லை மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமியின் தலை எட்டிப் பார்த்தது.

"எரியறதோ பத்மஜா?"

"இன்னும் இல்லை மாமி."

"நாத்தம் மட்டும் நன்னா வரதாக்கும்!"

தலை மறைந்தது. பத்மஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கிணற்றுக்கும் துணி தோய்க்கும் கல்லுக்கும் நடுவே நின்ற அந்தப் பச்சை நிற பயோகேஸ் தொட்டியின் மூடி இன்று காலைதான் எழும்பியிருந்தது. உள்ளே வாயு சேர்ந்தால் மூடி தானே உயரும் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். அது உயர்ந்ததைப் பார்த்ததும் சின்னப் பெண்போல் கைதட்டிக்கொண்டு கணவரை இழுத்து வந்தவள் அவள். இப்போது காலடியில் கருகிய குச்சிகள் கிடந்தன.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் வருவார். இந்த அடுப்பு எரிந்தால் பத்மஜாவின் கேட்டரிங் பிழைக்கும். எரியாவிட்டால் சமையலறைக்குப் பூட்டு.

வலியசாலை அக்ரஹாரத்தில் பத்மஜாவின் கைமணம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவள் கரண்டி பிடித்தது ஆசையால் அல்ல, அழுகையால்! சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வெங்கடகிருஷ்ணன் ஸ்கூட்டரை அந்தத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். காலில் ஒரு கீறல். அது யார் கண்ணுக்கும் பெரிதாகப் படவில்லை. பின்னால் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் தொட முடியாத வலி. கண் இரண்டும் சிவந்தன. சிறுநீர் நின்றது.

"எலிக்காய்ச்சல்" என்றார் டாக்டர். எலியின் சிறுநீரோடு தண்ணீரில் கலந்து, கீறல் வழியாக உடம்புக்குள் நுழையும் ஒரு பாக்டீரியா. திருகாணிபோல் சுருண்டிருக்குமாம். ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தாலும் ஒரு கடுகளவு தேறாதாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பத்மஜா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பகவானே, கண்ணுக்கே தெரியாத ஒரு புழுவா என் வாழ்க்கையைப் பறிக்க வந்திருக்கிறது?

பறிக்கவில்லை. ஆன்டிபயாடிக் மருந்தும் டயாலிசிஸும் முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தமும் அவரைத் திருப்பிக் கொடுத்தன. ஆனால் அவர் எழுந்து நடந்தபோது கம்பெனி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அன்று அடுப்பு மூட்டியவள்தான் பத்மஜா. புளியோதரை, எலுமிச்சை சாதம், நெல்லிக்காய் ஊறுகாய். எல்லாவற்றுக்கும் மேலே, தெவசச் சமையல். பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு மடியாகச் சமைத்துக் கொடுக்க அவளைவிட்டால் ஆள் இல்லை.

அன்றிலிருந்து கிருமி என்ற சொல்லே அவளுக்கு ஜன்ம விரோதி. தரைக்கு ப்ளீச்சிங் பவுடர், கதவுக்கு டெட்டால். "என்னையும் ஒருநாள் ப்ளீச்சிங்ல முக்கிக் கொடியில போட்டுடுவா" என்று வெங்கடகிருஷ்ணன் சிரிப்பார்.

இந்தக் கோடையில்தான் சோதனை வந்தது. திரும்பி வந்த பாத்திரங்களின் மிச்சமும் எச்சில் இலைகளும் சாக்கில் கட்டித் தெருமுனைக்குப் போய்க்கொண்டிருந்தன. நாய்கள் சாக்கைப் பிரித்தன. யாரோ புகார் கொடுத்தார்கள். ஆய்வாளர் ராஜஸ்ரீ வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"மாமி, சாப்பாடு நல்லதாணு, நானே சாப்பிட்டிருக்கேன். பக்ஷே வேஸ்ட் இங்கேயே தீரணும். இல்லெங்கில் லைசன்ஸ் புதுக்கித் தர முடியாது."

அப்படி வந்ததுதான் இந்தத் தொட்டி. எரியாத தொட்டி!

மறுநாள் கம்பெனியிலிருந்து பிரதீஷ் வந்தான். பாறசாலைக்காரன், முப்பது வயது, வாய் ஓயாதவன். மூடியை லேசாகத் தூக்கி மூக்கைச் சுளித்தான். பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து உள்ளே தோய்த்தான். மஞ்சளாக இருந்த காகிதம் சிவந்து வந்தது.

"மாமி, இது பயோகேஸ் இல்ல. ஊறுகாய் ஜாடியாக்கும்."

"என்னப்பா சொல்றே?"

"சத்தியம் சொல்லணும். இதுக்கு என்ன தீனி போட்டீங்க?"

பத்மஜா புடவைத் தலைப்பைத் திருகினாள். "புளிச்சக்கை. எலுமிச்சம்பழத் தோல். நெல்லிக்காய். கொஞ்சம் புளிச்ச மோர்..."

"மிச்சச் சோறு, குழம்பு, சாப்பிட்ட இலை போடுங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?"

"சொன்னே."

"பின்னே?"

"எச்சிலாச்சேப்பா!" என்று வெடித்தாள் பத்மஜா. "வாய் பட்டா எச்சில், வெந்த சோறு பட்டாப் பத்து. ரெண்டையும் உள்ளே போட்டு, அதுலேர்ந்து வர நெருப்புல நான் எப்படித் தெவசத்துக்குச் சமைப்பேன்? பித்ருக்கள் சாப்பிட வேண்டாமா? அதான் யார் வாயும் படாத, வேகாத சாமானாப் பார்த்துப் பார்த்துப் போட்டேன்."

பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது. அந்தச் சமையலறையில் யார் வாயும் படாமல், வேகாமல் மிஞ்சுவதெல்லாம் புளிப்பாகவே இருந்தது!

பிரதீஷ் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"கேளுங்க மாமி. இந்தத் தொட்டிக்குள்ள ரெண்டு கூட்டம் குடியிருக்கு. முதல் கூட்டம் பாக்டீரியா. எதைப் போட்டாலும் பிச்சுத் தின்னு அமிலமாக்கிப் போடும். ரெண்டாம் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்னு மீத்தேன் விடும். அதுதான் எரியும். ஆனா ரெண்டாம் கூட்டம் ரொம்பப் பாவம். மெல்லத்தான் பெருகும். காத்துப் பட்டாச் சாகும், புளிப்பு மிஞ்சினாலும் சாகும். நீங்க புளியாக் கொட்டவும் அது ஒடுங்கிப் போச்சு. முதல் கூட்டம் மட்டும் உள்ள கல்யாணம் கொண்டாடுது. அது விடுறது கார்பன் டை ஆக்சைடு. தீக்குச்சி அணையாம என்ன செய்யும்?"

"ரெண்டாம் கூட்டமும் பாக்டீரியாதானா?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கும். ஆனா வம்சமே வேற. ஆர்க்கியான்னு பேரு. பூமியில ஆக்சிஜன் நிறையறதுக்கு முன்னாலேயே வாழ்ந்த வம்சம். நமக்குக் காத்து வேணும், அதுக்குக் காத்தே விஷம். அதனால சேத்துக்குள்ள, மாட்டு வயித்துக்குள்ளன்னு ஒளிஞ்சிருக்கு. சில மனுஷங்க குடல்லயும் உண்டு."

"மனுஷா குடல்லயா?"

"மாமாகிட்ட இருக்கும்னு தோணுது. நான் போன தடவை வந்தப்ப ஒரு சத்தம் கேட்டுது..."

"எடா!" என்று வெங்கடகிருஷ்ணன் துண்டை ஓங்கினார்.

பத்மஜா சிரிக்கவில்லை. அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாகக் கிருமி என்றால் எமன் என்று நினைத்திருந்தாளே! கணவரின் உயிரைக் குடிக்க வந்ததும் அந்த உலகத்து ஜீவன்தான். இரவில் மாவைப் பொங்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும், இதோ இந்தத் தொட்டிக்குள் இருட்டில் உட்கார்ந்து அவள் அடுப்புக்கு நெருப்பு செய்ய வந்ததும் அந்த உலகத்து ஜீவன்கள்தான். பசியோடு காத்திருந்தவற்றின் தலையில் புளியைக் கொட்டியிருக்கிறாள்!

"ஐயோ, பிழைக்க வைக்க வழி இல்லையா பிரதீஷ்?"

"உண்டு. இதுல முக்கால்வாசியைக் கழிச்சுட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு கலக்கணும். ஆனா சாணத்துலேர்ந்து மறுபடி தொடங்கினா வாரக்கணக்காகும், வெள்ளிக்கிழமைக்கு எத்தாது. நல்லா ஓடுற வேறொரு தொட்டியிலேர்ந்து கரைசல் கொண்டுவந்து ஊத்தினா, அந்தக் கூட்டம் இங்கே குடியேறிடும்."

"யாராத்துல இருக்கு? இப்பவே போறேன்."

பிரதீஷ் பின்னந்தலையைச் சொறிந்தான். "பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆரியசாலையில, அம்மிணியக்கா மெஸ்."

"அங்கே மீன்னா சமைப்பா?"

"மீன்தான் மாமி. தலை, செதில், முள்ளு, லோடுமேன்மார் மிச்சம் வைக்கிற சோறு, எல்லாம் அதுக்குள்ளதான் போகுது. அதான் ஜோராட்டு எரியுது!"

வெங்கடகிருஷ்ணன் துணி தோய்க்கும் கல்லில் அப்படியே உட்கார்ந்தார். கொண்டுவராவிட்டால் ஆய்வாளர் பூட்டுவார். கொண்டுவந்தது தெரிந்தால் அக்ரஹாரமே பூட்டிவிடும். மீன் எச்சில் கலந்த வீட்டில் யார் தெவசத்துக்குச் சொல்வார்கள்? நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் நின்றாள் பத்மஜா.

"போறேன்" என்றாள்.

ஆரியசாலையின் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அம்மிணியின் மெஸ். பகல் சாப்பாட்டு நேரம் முடியும் வேளை. பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். வாசலில் மடிசார் இல்லாவிட்டாலும் மூக்குத்தியும் தயக்கமுமாக நின்ற பத்மஜாவைப் பார்த்ததும் அம்மிணி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஆத்தாடி! வலியசாலை மாமியா? சாப்பிட வந்தியளா, சண்டைக்கு வந்தியளா?"

"உதவி கேக்க வந்தேன் அம்மிணி."

"மீன் குழம்பு வேணும்னா ரகசியமாப் பொதிஞ்சு தாறேன்!"

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பத்மஜாவின் காதில் அது விழவே இல்லை. அவள் பார்வை மண்சட்டிக்கு அடியில் நிலைத்திருந்தது. அரையிருட்டுச் சமையலறையில் நீலமாக, அமைதியாக, ஒரு தாமரை விரிந்ததுபோல் நெருப்பு நின்றிருந்தது!

"இதுவா... இது அந்த வாயுவா?"

"பின்னே? சிலிண்டர் மாத்தி எத்தனையோ நாளாச்சு."

பத்மஜா மூச்சை அடக்கிக்கொண்டு கதையைச் சொன்னாள். புளிச்சக்கையைக் கேட்டதும் அம்மிணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் வெறும் புளியைத் தின்னச் சொன்னா நமக்கே வயிறு எரியாதா மாமி? சரி, எத்தனை கேன் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. அது தினமும் ஊறுது."

"நன்றி அம்மிணி. சாயங்காலம் ஜனம் கொறைஞ்சப்புறம், வாழை இலையால மூடி..."

அம்மிணியின் முகம் மாறியது.

"எதுக்கு மூடணும்?"

"தெருவுல எல்லாரும்..."

"அப்ப வேண்டாம். போயிட்டு வாருங்க." அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "என் வீட்டுச் சாமான் உங்க வீட்டைக் காப்பாத்தணும், ஆனா அது எங்கேயிருந்து வந்துதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அப்படித்தானே? முக்காடு போட்டுக் கொண்டுபோகத் தரமாட்டேன் மாமி. பட்டப்பகல்ல கொண்டு போங்க. நானும் கூட வாறேன். யாராவது கேட்டா அம்மிணி மெஸ்ஸுன்னு சொல்லணும். சம்மதமா?"

பத்மஜாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அவமானமா, நன்றியா? அவளுக்கே தெரியவில்லை. "சம்மதம்" என்றாள்.

மறுநாள் காலை வெயிலில் அக்ரஹாரத்துக்குள் ஆட்டோ நுழைந்தது. பின் இருக்கையில் அம்மிணி, மடியில் ஒரு கேன், காலடியில் மூன்று. பிரதீஷ் ஏற்கெனவே தொட்டியைக் கழித்துச் சுத்தம் செய்துவிட்டுக் காத்திருந்தான். ஒரு சங்கடம் மட்டும் மீதி இருந்தது. தோளோடு தோள் ஒட்டிய அந்த வீடுகளில் கொல்லைக்குத் தனி வழி கிடையாது. வாசல், கூடம், பூஜை அறை, சமையலறை எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும்.

அனந்தலக்ஷ்மி மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"கேன்ல என்ன பத்மஜா?"

சாணித் தண்ணீர் என்று சொல்லிவிடு என்று முந்தின நாள் சாயங்காலம் முழுக்க வெங்கடகிருஷ்ணன் கெஞ்சியிருந்தார். "சாணி..." என்று பத்மஜாவின் வாய் தொடங்கியும்விட்டது. பக்கத்தில் அம்மிணி கேனை இடுப்பில் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மஜா மாமியை நேராகப் பார்த்தாள்.

"இது அம்மிணி மெஸ்ஸுலேர்ந்து வரது மாமி. அவாளோட தொட்டிக் கரைசல். மீன், சோறு, எச்சில் எல்லாம் ஊறினது. இதை ஊத்தினாத்தான் என் அடுப்பு எரியும்."

"சிவ சிவா! மீனா?" கோலமாவு சிதறியது. "உங்காத்து பூஜை ரூம் வழியாவா? வர மாசம் எங்க மாமனார் தெவசத்துக்கு உன்கிட்டன்னா சொல்லியிருக்கேன்! வேண்டாம். இனிமே உன் கையால ஒரு பருக்கை வேண்டாம்."

"சரி மாமி."

"சரியாமே! கேட்டேளா எல்லாரும்?"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொண்டது. பத்மஜாவின் கால்கள் வாசற்படியிலேயே ஒட்டிக்கொண்டன. கேன் கனத்தது. உள்ளே பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாண்ட முடியுமா? தாண்டலாமா?

அப்போது கேனின் மறுபிடியில் ஒரு கை விழுந்தது. வெங்கடகிருஷ்ணன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில எனக்கு ரத்தம் ஏத்தினாளே, அதைக் குடுத்தவன் மீன் சாப்பிடறவனான்னு யாராவது கேட்டாளா?" அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அதுவரை அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "அந்த ரத்தத்தோடதான் தினமும் அந்த ரூம்ல உக்காந்து ஸஹஸ்ரநாமம் சொல்றேன். நட பத்மஜா."

இருவரும் நடந்தார்கள். பின்னால் அம்மிணி, கேனைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு. பூஜை அறை வாசலில் அவள் மட்டும் ஒரு கணம் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

கரைசல் தொட்டிக்குள் 'குபுகுபு'வென்று இறங்கியது. பத்மஜா அதைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் தீனியே போடக் கூடாது என்று பிரதீஷ் சொல்லியிருந்தான். பிறகு ஒரு பிடி மிச்சச் சோறு, அதுவும் கரைத்து. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் கையால் எச்சிலைப் பிசைந்தாள் பத்மஜா. கூச்சம் முதல் நாளோடு போயிற்று. அப்புறம் பத்தியக்காரனுக்குக் கஞ்சி கரைப்பதுபோல் பதம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நோயாளிக்கு வெப்பமானி வைப்பதுபோல் காலையும் மாலையும் காகிதத்தைத் தோய்த்தாள். சிவப்பு மெல்ல மஞ்சளாயிற்று. மஞ்சள் ஒருநாள் பச்சைக்குத் திரும்பியது! "ஏன்னா, புளிப்பு இறங்கிடுத்து! சாப்பிட ஆரம்பிச்சுடுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். மூடி எழும்பியதும், முதலில் சேரும் வாயு எரியாது என்று பிரதீஷ் சொன்னபடி அதைத் திறந்து வெளியே விட்டார்கள். மூடி உட்கார்ந்துவிட்டது. வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மூடி ஒரு சாண் உயர்ந்திருந்தது.

நல்ல வெயில் ஏறிய நேரத்தில் ராஜஸ்ரீ வந்தார். அடுப்பு கொல்லையிலேயே இருந்தது. மதிலுக்கு மேல் அனந்தலக்ஷ்மி மாமியின் தலையும் வந்துவிட்டது. பத்மஜா ஒருமுறைகூடத் தானாக எரித்துப் பார்க்கவில்லை. துணிச்சல் வரவில்லை.

குமிழைத் திருகினாள். 'உஸ்'. தீக்குச்சியைக் கிழித்து நீட்டினாள். குச்சியின் சுடர் மறைந்தது.

"கத்துன்னில்லல்லோ மாமி" என்று பெருமூச்சு விட்டார் ராஜஸ்ரீ. "எரியலை."

"எனக்குத் தெரியும்" என்றது மதில்.

பத்மஜாவின் உலகம் இருண்டது. எல்லாம் போயிற்று! தெருவும் போயிற்று, தொழிலும் போயிற்று. குமிழை மூடக் கை நீட்டினாள்.

"ஆ!"

சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் சிவந்திருந்தது. சுட்டிருந்தது!

"சுடறது! ஏன்னா, சுடறது! குடை... குடை கொண்டாங்கோ!"

வெங்கடகிருஷ்ணன் ஓடிப்போய்க் கறுப்புக் குடையைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேல் விரித்தார். நிழல் விழுந்தது. நிழலுக்குள் நீலமாக, வட்டமாக, நூறு இதழோடு நெருப்பு நின்றுகொண்டிருந்தது. வெயிலின் வெளிச்சத்தில் அது அத்தனை நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது!

ராஜஸ்ரீ குனிந்து பார்த்தார். குடைக்குள்ளேயே சிரித்துவிட்டார். "மாமி, லைசன்ஸ் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கோங்க."

பத்மஜா தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். சுட்ட விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து அந்த நெருப்பில் காப்பி போட்டாள். ராஜஸ்ரீ குடித்தார். வெங்கடகிருஷ்ணன் இரண்டு டம்ளர் குடித்தார். மெஸ்ஸை மூடிவிட்டு வந்த அம்மிணி, "இதுல சர்க்கரை எங்கே மாமி?" என்று குறை சொல்லிக்கொண்டே குடித்தாள்.

தெவசச் சமையலில் பாதிக்குமேல் போய்விட்டது. வேண்டாம் என்றவர்களிடம் பத்மஜா வாதாடவில்லை. கேட்கிறவர்களிடம் எந்த நெருப்பு, எங்கிருந்து வந்த நெருப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்டும் சிலர் அவளிடமே சமையலுக்குச் சொல்கிறார்கள். புளியோதரைக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் வரும் ஆட்கள் குறையவில்லை. அடுப்பு தினமும் எரிகிறது.

சில வாரம் கழித்து ஒரு காலை, வாசலில் யாரோ செருமினார்கள். அனந்தலக்ஷ்மி மாமி. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூடிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை நீட்டினாள்.

"என்ன மாமி இது?"

"நேத்திக்கு ஆத்துல பிள்ளை, மாட்டுப்பொண்ணு எல்லாம் வந்திருந்தா. மிச்சம். தெருவுல போட்டா ஃபைனாமே." குரல் கரகரத்தது. "உன் தொட்டி சாப்பிடும்னா..."

"சாப்பிடுமாவா! கொண்டாங்கோ, கொண்டாங்கோ!" பத்மஜா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "உள்ளே வாங்கோ மாமி, ஒரு வாய் காப்பி?"

"காப்பியெல்லாம் வேண்டாமாக்கும்" என்றாள் அனந்தலக்ஷ்மி மாமி விறைப்பாக. இரண்டு படி இறங்கியவள் நின்றாள். "தூக்கை நன்னா அலம்பிக் குடு. நாளைக்கும் வேணும்."